வீட்டு ஃபைல் சர்வர் வெளியூரிலிருந்து திறக்கவில்லையா? உள்ளிருந்து வெளியே ஒவ்வொன்றாகச் சோதிக்கும் முழு வழிகாட்டி

எங்கள் சர்வர் தஞ்சாவூர் வீட்டில் இருக்கிறது, நான் சென்னையில் இருக்கிறேன். ஒரு பழைய டெஸ்க்டாப்பில் உபுண்டு லினக்ஸ் போட்டு, சாம்பா என்ற பகிர்வு மென்பொருள் வழியாக ஃபோல்டர்களைப் பகிர்ந்து வைத்திருக்கிறேன். குடும்பப் படங்கள், தங்கை கல்யாண வீடியோ, அப்பாவின் நிலப் பத்திரங்களின் ஸ்கேன் எல்லாம் அதில்தான். ஒரு நாள் பட்டா நகல் அவசரமாக வேண்டும் என்று பெங்களூரிலிருந்து தங்கை கேட்டாள். அவளுக்கும் திறக்கவில்லை, எனக்கும் திறக்கவில்லை. அன்று இரவு மூன்று மணி நேரம், வீட்டில் இருப்பவர் மூலமாக ரவுட்டரின் செட்டிங் பக்கத்தில் போர்ட்டை, அதாவது இணைப்பு உள்ளே வரும் எண்ணிட்ட வாசலை, மாற்றி மாற்றித் திறந்து பார்த்தேன். கோளாறு போர்ட்டில் இல்லவே இல்லை. இணைய நிறுவனம் எங்கள் வீட்டுக்கென்று தனி முகவரியே கொடுக்காமல் நிறுத்தியிருந்தது. ரவுட்டரில் ஒரே ஒரு எண்ணைப் பார்த்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அதனால்தான் இந்த வழிகாட்டியில் வரிசைக்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன். சர்வர், வீட்டு நெட்வொர்க், ரவுட்டர், இணைய நிறுவனம், நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம் என்று வழியில் பல கதவுகள். ஒரு கதவு திறந்திருக்கிறது என்று உறுதியான பிறகுதான் அடுத்த கதவுக்குப் போக வேண்டும். இடையில் எதையும் மாற்ற வேண்டாம். ஒரே நேரத்தில் நான்கு செட்டிங்கை மாற்றிவிட்டால், எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது.

முதல் படி: கோளாறு உள்ளேயா, வெளியேயா?

வீட்டில் இருப்பவர் ஒருவரின் போனிலிருந்து, வீட்டு வைஃபையில், சர்வரின் உள் முகவரிக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். 192.168.1.50 என்பது போன்ற எண் அது. ஐபோனில் ஃபைல்ஸ் ஆப்பிலேயே சர்வரோடு இணையும் வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் எஸ்எம்பி (சாம்பாவும் விண்டோஸும் ஃபோல்டர் பகிரும் முறை) தெரிந்த ஃபைல் மேனேஜர் ஒன்று வேண்டும். திறந்தால் சர்வர் நலமாக இருக்கிறது, கோளாறு வெளியே. திறக்காவிட்டால் இணையத்தைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம்.

நீங்களே வீட்டில் இருந்தால் ஒரு எச்சரிக்கை. வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே வெளி முகவரியைத் தட்டிப் பார்த்து, 'வேலை செய்யவில்லை' என்று முடிவு செய்யாதீர்கள். உள்ளிருந்து புறப்பட்டு, வெளி முகவரி வழியாக மறுபடி உள்ளேயே திரும்பி வரும் போக்குவரத்தைப் பல ரவுட்டர்கள் கையாள்வதில்லை. வெளியே எல்லாம் சரியாக இருக்கும், உங்களுக்கு மட்டும் திறக்காது. வெளியிலிருந்து சோதிக்க ஒரே நம்பகமான வழி, போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பார்ப்பது.

இரண்டாம் படி: வீட்டுக்குள் இருக்கும் கோளாறுகள்

தொலைவில் இருப்பவருக்கு முதல் கருவி ரவுட்டரின் விளக்குகள்தான். ஒருமுறை அம்மாவிடம் வீடியோ அழைப்பில் பெட்டியைக் காட்டச் சொன்னேன். "சிவப்பா ஒண்ணு மினுக்கிட்டே இருக்குடா" என்றார். ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக மினுக்கினால், ஒளிக்கம்பியில் சிக்னல் வரவில்லை என்று பொருள். கம்பி எங்கோ அறுந்திருக்கலாம், அல்லது பெட்டியின் பின்னால் சொருகி கழன்றிருக்கலாம். அதற்கு கேபிள்காரரைத்தான் கூப்பிட வேண்டும். பான் என்று எழுதிய விளக்கு நிலையாகப் பச்சையில் எரிந்தால் கம்பி வரை பழுதில்லை.

அடுத்தது கரண்ட். கரண்ட் போய் வந்ததும் ரவுட்டர் தானாக எழுந்துவிடும், டெஸ்க்டாப் எழாது. பயாஸ் செட்டிங்கில் (கணினி எழும்போதே திறக்கக்கூடிய அடிப்படை அமைப்பு), மின்சாரம் திரும்பியதும் கணினி என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் இடம் ஒன்று உண்டு. பெரும்பாலும் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் இருக்கும். அதில் 'தானாக இயங்கு' என்பதைத் தேர்ந்துவிடுங்கள். சர்வரை வீட்டில் வைத்துவிட்டு ஊரைவிட்டுப் போகும் எவரும் முதலில் செய்ய வேண்டிய வேலை இது. விண்டோஸ் கணினி என்றால் தூங்கப்போகும் அமைப்பையும் அணையுங்கள். அரைமணி நேரம் யாரும் தொடாவிட்டால் தூங்கிவிடும் கணினி சர்வருக்கு ஆகாது.

இந்த மின்வெட்டு இன்னொரு விதத்திலும் குழப்பும். கரண்ட் வந்ததும் ரவுட்டர் கருவிகளுக்குப் புதிதாக முகவரி பங்கிடக்கூடும். நேற்று 192.168.1.50 ஆக இருந்த சர்வர் இன்று 192.168.1.53 ஆகிவிடலாம். வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே ஒரு கருவிக்கு அனுப்பும் போர்ட் ஃபார்வர்டிங் விதி இன்னும் பழைய 50-க்கே அனுப்பிக்கொண்டிருக்கும். அங்கே இப்போது டிவியோ போனோ உட்கார்ந்திருக்கும். ரவுட்டரில் முகவரி பங்கிடும் டிஹெச்சிபி பக்கத்தில் சர்வரின் மேக் முகவரிக்கு (அதன் நெட்வொர்க் அட்டைக்கே உரிய அடையாள எண்) ஒரே எண்ணை ஒதுக்கி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை நிரந்தரமாகத் தீரும்.

ஃபோல்டர் திறக்கிறது, உள்ளே ஒன்றுமே இல்லை. இதுவும் நடக்கும். பார்த்ததும் நெஞ்சு பதறும், பதற வேண்டாம். யுஎஸ்பி டிஸ்க்கோ இரண்டாவது டிஸ்க்கோ கணினி எழும்போது மவுன்ட் ஆகாமல், அதாவது சிஸ்டத்தோடு இணையாமல், போயிருக்கும். லினக்ஸில் அது மவுன்ட் ஆகும் இடம் வெறும் காலி ஃபோல்டராக நிற்கும், சாம்பா அந்தக் காலி ஃபோல்டரையே பகிர்ந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் அதில் எதையும் காப்பி செய்யாதீர்கள். டிஸ்க் மவுன்ட் ஆனதும் நீங்கள் போட்டது அதற்கு அடியில் மறைந்து போகும், சிஸ்டம் டிஸ்க்கின் இடத்தையும் அடைத்துக்கொள்ளும். முதலில் டிஸ்க்கை மவுன்ட் செய்யுங்கள், படங்கள் எல்லாம் அப்படியே இருப்பதைப் பார்ப்பீர்கள்.

சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எல்லோரும் பிங் செய்வார்கள், அதாவது பதில் கேட்டு ஒரு சின்னச் செய்தி அனுப்புவார்கள். விண்டோஸ் ஃபயர்வால் பல நேரம் பிங்குக்குப் பதில் சொல்லாது. பதில் வராததால் மட்டும் சர்வர் செத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். நமக்கு வேண்டிய போர்ட் திறந்திருக்கிறதா என்று நேராகக் கேட்பதே நல்லது. விண்டோஸில் பவர்ஷெல்லின் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளையில் முகவரியையும் போர்ட் எண்ணையும் கொடுத்தால் ஆம், இல்லை என்று சொல்லிவிடும். எஸ்எம்பி பகிர்வுக்கு 445; ஃபைல் அனுப்பும் மற்ற முறைகளில் எஸ்எஃப்டிபிக்கு 22, சாதாரண எஃப்டிபிக்கு 21, வெப்டேவ் பெரும்பாலும் 443.

பிழை எண்ணைப் படியுங்கள்

விண்டோஸ் காட்டும் பிழைச் செய்தியை மூடிவிட்டு மறுபடி முயற்சி செய்வது நம் எல்லோருக்கும் வழக்கம். அந்த எண்ணில்தான் பாதி விடை இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்டில் நெட் யூஸ் கட்டளையால் ஃபோல்டரை இணைத்துப் பாருங்கள், எண் தெளிவாக வரும்.

53 என்றால் சர்வர் வரை போகவே முடியவில்லை. முகவரி, நெட்வொர்க், ஃபயர்வால் பக்கம் பாருங்கள்.

67 வந்தால் பெரும்பாலும் ஷேரின் (பகிர்ந்த ஃபோல்டரின்) பெயரில் பிழை. எழுத்தைச் சரிபாருங்கள்.

86, 1326 இரண்டும் பயனர் பெயர், பாஸ்வேர்டு தொடர்பானவை. இதில் அடிக்கடி நடக்கும் ஒன்று: விண்டோஸ் கணினியைச் சர்வராக வைத்திருப்பவர்கள், கணினியைத் திறக்கப் போடும் நான்கு இலக்கப் பின் எண்ணையே இங்கும் போடுவார்கள். பின் அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது மட்டுமே செல்லும். நெட்வொர்க் வழியாக வரும்போது கணக்கின் முழுப் பாஸ்வேர்டு வேண்டும். ஃபைல்களுக்கென்று தனியாக ஒரு லோக்கல் பயனரை உருவாக்கி, அந்தப் பெயரில் நுழைவது எல்லாவற்றையும் எளிதாக்கும்.

1219 வந்தால், அதே சர்வருக்கு வேறு பயனர் பெயரில் ஏற்கெனவே ஓர் இணைப்பு திறந்திருக்கிறது. பழைய இணைப்பை நீக்கிவிட்டு மறுபடி நுழையுங்கள்.

5 என்றால் உள்ளே விட்டுவிட்டது, ஆனால் அந்த ஃபோல்டரைத் தொட அனுமதி இல்லை. விண்டோஸில் பகிர்வுக்கு ஓர் அனுமதி, டிஸ்க்கில் இருக்கும் ஃபோல்டருக்கு இன்னோர் அனுமதி என்று இரண்டு உண்டு. இரண்டில் எது கடுமையோ அதுதான் செல்லும். ஒன்றில் மட்டும் முழு அனுமதி கொடுத்துவிட்டுத் திகைப்பவர்கள் நிறைய.

மூன்றாம் படி: அந்த ஒரே ஓர் எண்

வீட்டுக்குள் எல்லாம் சரி, வெளியிலிருந்து மட்டும் முடியவில்லை என்றால் இங்கே நிதானமாக நில்லுங்கள். என் மூன்று மணி நேரம் வீணானது இந்த இடத்தில்தான்.

ரவுட்டரின் செட்டிங் பக்கத்தைத் திறந்து, வேன் (WAN, அதாவது வெளி இணையப் பக்கம்) அல்லது இன்டர்நெட் ஸ்டேட்டஸ் என்ற பகுதியில் இருக்கும் ஐபி முகவரியைத் தாளில் எழுதுங்கள். பிறகு, அதே வீட்டு இணைப்பில் இருக்கும் ஒரு போனில் 'என் ஐபி என்ன' என்று கூகுளில் தேடி, வரும் தளம் ஒன்றில் காட்டும் எண்ணை அதன் கீழே எழுதுங்கள். ஐபிவி4 எண்ணையே எடுங்கள், அதாவது புள்ளிகளால் பிரிந்த நான்கு எண்கள்.

இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்லது. உங்கள் வீட்டுக்குத் தனிப் பொது முகவரி இருக்கிறது, போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்ய வழி இருக்கிறது.

வேறாக இருந்தால், ரவுட்டரில் இருக்கும் எண்ணை உற்றுப் பாருங்கள். எங்கள் வீட்டில் அது 100.72 என்று தொடங்கியது. 100.64-லிருந்து 100.127 வரை தொடங்கும் முகவரிகளை இணைய நிறுவனங்களின் உள் பயன்பாட்டுக்கென்று 2012-ல் ஒதுக்கிவைத்தார்கள். இப்படி ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்வதற்கு சிஜிநாட் என்று பெயர். ஒரு பெரிய அபார்ட்மென்ட்டுக்கு வாசலில் ஒரே ஒரு கதவு எண், உள்ளே நூறு குடித்தனம் என்பது போல. நீங்கள் வெளியே போகலாம், வெளியிலிருந்து வருபவருக்கு உங்கள் வீடு எது என்று வாசலில் யாரும் சொல்லமாட்டார்கள். 10-ல் தொடங்கும் முகவரி இருந்தாலும் இதே கதைதான்.

இது ஏன் இப்படி ஆனது என்றால், ஐபிவி4 முகவரிகள் தீர்ந்துவிட்டன. உலக அளவிலான இருப்பின் கடைசிப் பகுதிகள் 2011 பிப்ரவரியில் பங்கிடப்பட்டன. இந்தியாவையும் உள்ளடக்கிய ஆசிய பசிபிக் வட்டாரம் அதே ஏப்ரலில் கடைசி இருப்புக்கு வந்து, ரேஷன் முறைக்கு மாறியது. அதற்குப் பிறகு வேகமாக வளர்ந்த ஃபைபர் நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சிஜிநாட்டுக்குள் இருக்கும்போது ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை. இன்னும் ஏமாற்றக்கூடியது டிடிஎன்எஸ். டக்டிஎன்எஸ், நோ-ஐபி போன்ற சேவைகள் உங்கள் முகவரி மாறினாலும் ஒரே பெயரில் அணுக உதவும். சிஜிநாட்டில் அவை, பலர் பகிரும் அந்த வெளி முகவரியைப் பதிவு செய்துகொண்டு, 'புதுப்பிக்கப்பட்டது' என்று பச்சை விளக்குக் காட்டும். பெயர் சரி, முகவரி சரி, வழி மட்டும் இல்லை. நான் மூன்று மணி நேரம் நம்பிக்கொண்டிருந்தது அந்தப் பச்சை விளக்கைத்தான்.

ரவுட்டரின் வேன் முகவரி 192.168 என்று தொடங்கினால் விஷயம் வேறு. இணைய நிறுவனத்தின் பெட்டி ஒன்று, நீங்கள் வாங்கி மாட்டிய ரவுட்டர் ஒன்று, இரண்டும் தனித்தனியாக முகவரி மாற்றம் செய்கின்றன. இது உங்கள் வீட்டுக்குள்ளேயே தீரக்கூடியது. உங்கள் ரவுட்டரை, வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றுங்கள். அல்லது முதல் பெட்டியை, முகவரி மாற்றம் செய்யாமல் அப்படியே கடத்தும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றித் தரும்படி நிறுவனத்தைக் கேளுங்கள். மாற்றிய பிறகு மறுபடி அதே இரண்டு எண்களை ஒப்பிட வேண்டும், ஏனென்றால் அதற்குப் பின்னால் சிஜிநாட்டும் ஒளிந்திருக்கலாம்.

நான்காம் படி: எந்த வழியாக உள்ளே வருவது?

முதலில் செய்யக்கூடாததைச் சொல்லிவிடுகிறேன். பொது முகவரி கிடைத்துவிட்டது என்பதற்காக 445 போர்ட்டை இணையத்துக்குத் திறக்கவே திறக்காதீர்கள். 2017 மே மாதத்தில் உலகமெங்கும் மருத்துவமனைகளையும் அலுவலகங்களையும் முடக்கிய, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வன்னாக்ரை நிரல் பரவியது விண்டோஸின் எஸ்எம்பி ஓட்டை வழியாகத்தான். மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே, திருத்தம் வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். 'நான் நாஸ் பெட்டிதான் (ஃபைல் சேமிக்கவென்றே விற்கும் நெட்வொர்க் பெட்டி) வைத்திருக்கிறேன்' என்றால் அங்கும் பாதுகாப்பு இல்லை. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர், இணையத்துக்கு நேராகத் திறந்து வைத்திருந்த கியூநாப் நிறுவனத்தின் பெட்டிகளைப் பூட்டி, ஒவ்வொருவரிடமும் 0.03 பிட்காயின் கேட்டது. அப்போது அந்த நிறுவனமே, ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்கையும் யுபிஎன்பியையும் (கருவிகள் கேட்டால் ரவுட்டர் தானே போர்ட்டைத் திறக்கும் வசதி) அணையுங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் சொன்னது. வீட்டு சர்வரில் இருப்பது திரும்ப எடுக்க முடியாத படங்கள். கூடுதலாகப் பத்து நிமிடம் செலவழிப்பதில் தவறே இல்லை.

இதில் ஒரு நடைமுறைச் செய்தியும் உண்டு. வன்னாக்ரைக்கு முன்பிருந்தே பல இணைய நிறுவனங்கள் 445-ஐத் தங்கள் பக்கத்திலேயே அடைத்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் திறந்தாலும் அது வராமல் போகலாம்.

சரியான வழி விபிஎன், அதாவது இணையத்தின் நடுவே உங்கள் கருவிகளுக்கு மட்டுமான பூட்டிய தனி வழி. சிஜிநாட்டில் இருப்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது டெயில்ஸ்கேல் அல்லது ஜீரோடியர். சர்வரிலும் உங்கள் லேப்டாப்பிலும் போனிலும் நிறுவி, ஒரே கணக்கில் (ஜீரோடியரில் ஒரே நெட்வொர்க்கில்) நுழைந்தால் போதும். இரண்டு பக்கமும் தாமே வெளியே கைநீட்டி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். உள்ளே வர யாருக்கும் கதவு திறந்து வைக்க வேண்டியதில்லை, அதனால் போர்ட் ஃபார்வர்டிங்கே தேவையில்லை. டெயில்ஸ்கேல் ஒவ்வொரு கருவிக்கும் 100-ல் தொடங்கும் முகவரி கொடுக்கும். ரவுட்டரில் பார்த்த சிஜிநாட் எண்ணும் அதே வரம்பில்தான் இருக்கும் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆப்பில் தெரிவது உங்கள் சொந்த வலையின் எண், ரவுட்டரில் தெரிவது நிறுவனத்தினுடையது.

தனிப் பொது முகவரி இருந்தால் வயர்கார்ட் என்ற விபிஎன்னை நீங்களே வைத்துக்கொள்ளலாம். 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6 முதல் அது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது, சில புதிய ரவுட்டர்களிலும் வருகிறது. வழக்கமான போர்ட் 51820, யுடிபி (தரவு அனுப்பும் ஒரு முறை). ரவுட்டரில் அந்த ஒன்றை மட்டும் சர்வருக்கு அனுப்பினால் போதும். நிலையான ஐபியைக் கூடுதல் கட்டணத்துக்கு நிறுவனத்திடம் வாங்குவதும் ஒரு வழி. நிறுவனத்திடம் பேசும்போது 'ஸ்டாடிக் பப்ளிக் ஐபி' என்றே கேளுங்கள். வெறும் ஸ்டாடிக் ஐபி என்றால் உள் முகவரியிலேயே ஒன்றை நிலையாகக் கொடுத்துவிடக்கூடும்.

ஐபிவி6 (முகவரித் தட்டுப்பாடு இல்லாத புதிய முறை) இருந்தால் சிஜிநாட்டைத் தாண்டலாம் என்று சிலர் சொல்வார்கள், உண்மைதான். இந்தியாவில் ஐபிவி6 நன்றாகப் பரவியிருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் அது வேண்டும், ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் தனியாக விதி எழுத வேண்டும், முகவரியின் முன்பகுதி மாறிக்கொண்டே இருக்கலாம். தெரிந்தவர் செய்யட்டும். முதல்முறை செய்பவருக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

ஐந்தாம் படி: விபிஎன் இணைந்துவிட்டது, ஃபோல்டர் மட்டும் வரவில்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கே. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வயர்கார்டில் 'இணைந்தது' என்று காட்டுவதை நம்ப வேண்டாம். சுவிட்சைத் தட்டியதும் அது அப்படிக் காட்டிவிடும், எதிர்ப்பக்கம் இருக்கிறதா என்று கவலைப்படாது. கடைசி ஹேண்ட்ஷேக் (இரு பக்கமும் கைகுலுக்கியது) எப்போது நடந்தது என்ற வரியைப் பாருங்கள். அது ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் இருந்தால் உண்மையிலேயே இணைந்திருக்கிறது. அந்த வரியே இல்லை என்றால் பொட்டலம் (இணையத்தில் போகும் தரவுத் துண்டு) போய்ச் சேரவில்லை. போர்ட் சோதிக்கும் இணையதளங்களால் வயர்கார்டைச் சோதிக்கவும் முடியாது. தெரியாதவர் தட்டினால் அது வாயே திறக்காது, அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் சும்மா இருந்ததும் இணைப்பு செத்துப்போகிறது என்றால், பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் மதிப்பை 25 என்று வையுங்கள். 25 வினாடிக்கு ஒருமுறை ஒரு சின்னப் பொட்டலம் போய் வழியைத் திறந்து வைத்திருக்கும்.

டெயில்ஸ்கேலில் வேறொரு பொறி. எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும், ஆறு மாதம் கழித்து ஒரு காலையில் சர்வர் மட்டும் காணாமல் போகும். ஒவ்வொரு கருவியின் நுழைவுச் சாவியும் இயல்பாக 180 நாளில் காலாவதியாகும். போன், லேப்டாப்புக்கு அது நல்லதுதான், மறுபடி நுழைந்துகொள்ளலாம். யாருமில்லாத அறையில் இருக்கும் சர்வருக்கு யார் நுழைவது? நிர்வாகப் பக்கத்தில் சர்வருக்கு மட்டும் சாவிக் காலாவதியை அணைத்துவிடுங்கள். ஊருக்குக் கிளம்பும் முன் இதைச் செய்யாமல் கிளம்பாதீர்கள்.

அடுத்து, இரண்டு பக்கமும் ஒரே வீட்டு எண் வைத்திருப்பது. உங்கள் வீட்டு நெட்வொர்க் 192.168.1, நீங்கள் தங்கியிருக்கும் இடத்தின் நெட்வொர்க்கும் 192.168.1. நீங்கள் 192.168.1.50 என்று கேட்டால் லேப்டாப் விபிஎன் பக்கம் திரும்பவே திரும்பாது, பக்கத்து அறையில் இருக்கும் 50-ஐத் தேடும். சர்வர் இருக்கும் வீட்டின் நெட்வொர்க்கை 192.168.73 போல யாரும் வைக்காத எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். டெயில்ஸ்கேலில் 100-ல் தொடங்கும் முகவரியைப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கலே வராது.

விண்டோஸ் கணினியைச் சர்வராக வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம். மாமா வீட்டுக் கணினியில் இதை நேரில் பார்த்தேன். விபிஎன் வழியாகக் கணினி வரை எட்ட முடிந்தது, ஃபோல்டர் மட்டும் பிழை 53 என்றது. அதே நேரம் வீட்டுக்குள் மாமாவின் மகளுக்கு ஃபோல்டர் நன்றாகத் திறந்தது. விண்டோஸ் ஃபயர்வாலில் ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் தொகுப்பில் எஸ்எம்பி-இன் என்றொரு விதி இருக்கிறது. அதைத் திறந்து ஸ்கோப் என்ற தாவலில் பார்த்தால், தொலைமுகவரி என்ற இடத்தில் லோக்கல் சப்நெட் (அதே வீட்டு நெட்வொர்க்) என்று மட்டும் இருந்தது. விபிஎன்னில் வருபவர் வேறு எண் வரிசையில் வருவதால் அவரை அந்நியராகத் தள்ளிவிட்டது. அங்கே விபிஎன் வரம்பையும் சேர்த்தோம், உடனே திறந்தது. யாராக இருந்தாலும் விடு என்று மாற்ற வேண்டாம். டெயில்ஸ்கேல் என்றால் 100.64.0.0/10 (100.64 முதல் 100.127 வரை), உங்கள் வயர்கார்ட் என்றால் நீங்கள் கொடுத்த வரம்பு, அவ்வளவே. லினக்ஸ் பக்கம் சாம்பாவின் அமைப்புக் கோப்பில் ஹோஸ்ட்ஸ் அலவ், இன்டர்ஃபேசஸ் வரிகள் இதே வேலையைச் செய்யக்கூடும், அங்கும் பாருங்கள்.

கணினியின் பெயரைத் தட்டினால் வரவில்லை, எண்ணைத் தட்டினால் வருகிறது என்றால் கோளாறு பெயர்த் தேடலில் மட்டும்தான். வீட்டுக்குள் பெயர் தெரிவது, கருவிகள் ஒன்றையொன்று கூவி அழைத்துக்கொள்வதால். அந்தக் கூவல் விபிஎன்னைத் தாண்டாது. எண்ணையே பயன்படுத்துங்கள், அல்லது டெயில்ஸ்கேலின் மேஜிக்டிஎன்எஸ் வசதியை இயக்குங்கள்.

இன்னும் ஒன்று, கண்டுபிடிக்கக் கடினமானது. நுழைய முடிகிறது, சின்ன ஃபோல்டர் பட்டியல் வருகிறது, ஆனால் பெரிய ஃபோல்டரைத் திறந்தாலோ ஃபைலை இழுத்தாலோ அப்படியே உறைந்து நிற்கிறது. இப்படி இருந்தால் எம்டியு (ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவு) மீது சந்தேகப்படுங்கள். வழியில் ஏதோ ஓர் இடம் பெரிய பொட்டலங்களை விழுங்கிவிடுகிறது. சாதாரண இணைப்பில் அது 1500 பைட். பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் பிபிபிஓஇ இணைப்பில் 1492 தான். அதற்குள் விபிஎன் தன் உறையையும் போட வேண்டும். வயர்கார்ட் வழக்கமாக 1420 வைத்துக்கொள்ளும், பிபிபிஓஇயில் அது சில நேரம் அதிகம். விபிஎன்னின் எம்டியுவை 1280 என்று இறக்கிப் பாருங்கள். உறைதல் நின்றால் காரணம் அதுதான். பிறகு வேண்டுமானால் 1400 வரை மெதுவாக ஏற்றிக்கொள்ளலாம்.

அலுவலகம், ஹோட்டல், கல்லூரி வைஃபையில் மட்டும் விபிஎன் இணையவில்லை என்றால் அங்கே யுடிபியை அடைத்திருப்பார்கள். உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறிப் பாருங்கள். அங்கே இணைந்தால் வீட்டுப் பக்கம் எதையும் தொட வேண்டாம்.

ஆறாம் படி: திறக்கிறது, ஆமை வேகத்தில்

வெளியூரிலிருந்து நீங்கள் டவுன்லோட் செய்வது, வீட்டுக்கு அப்லோட். உங்கள் வீட்டுத் திட்டத்தின் அப்லோட் வேகம்தான் மேல்வரம்பு. 10 எம்பிபிஎஸ் அப்லோட் என்றால் வினாடிக்கு ஒன்றேகால் மெகாபைட், 1 ஜிபி ஃபைல் வர சுமார் 13 நிமிடம். இது கோளாறு அல்ல, கணக்கு. அப்லோட் 100 எம்பிபிஎஸ் இருந்தும் மெதுவாக இருக்கிறது என்றால் அப்போது தேடலாம்.

சர்வர் வைஃபையில் இருந்தால் கேபிளுக்கு மாற்றுங்கள், இதில் விவாதமே வேண்டாம். கேபிளில் இருந்தும் மெதுவென்றால் கேபிளையே மாற்றிப் பாருங்கள். உள்ளே ஒரு ஜோடி கம்பி போயிருந்தால் ஜிகாபிட் இணைப்பு சத்தமில்லாமல் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும்.

டெயில்ஸ்கேலில், சர்வருக்கான இணைப்பு நேரடியா, ரிலே வழியாகவா என்று ஸ்டேட்டஸ் கட்டளை காட்டும். ரிலே என்றால் எல்லாம் நடுவில் இருக்கும் அவர்களுடைய சர்வர் வழியாகச் சுற்றி வருகிறது. ரவுட்டரில் யுபிஎன்பியை இதற்காகத் திறக்கலாமா என்று கேட்பார்கள், நான் திறக்கமாட்டேன். 41641 என்ற யுடிபி போர்ட்டைச் சர்வருக்கு மட்டும் அனுப்பலாம், பொது முகவரி இருக்கும் வீட்டில் அது பெரும்பாலும் நேரடி இணைப்பைத் தந்துவிடும். சிஜிநாட் வீட்டில் அதற்கும் வழியில்லை. எதிர்ப்பக்கத்தின் நெட்வொர்க் ஒத்துழைத்தால் தானாகவே நேரடியாகும்.

பெரிய வீடியோ ஒன்று ஓரளவு வேகமாக வருகிறது, ஆயிரக்கணக்கான படங்கள் மட்டும் நகரவே மாட்டேன் என்கின்றன. இது எஸ்எம்பியின் சுபாவம். ஒவ்வொரு ஃபைலுக்கும் 'திறக்கட்டுமா, படிக்கட்டுமா, மூடட்டுமா' என்று பலமுறை போய்வந்து கேட்கும். வீட்டுக்குள் ஒரு போய்வரவு ஒரு மில்லிவினாடிதான், தெரியாது. வெளியூரிலிருந்து அது 40 மில்லிவினாடி என்று வையுங்கள், ஃபைலுக்கு ஐந்து போய்வரவு, 3000 படங்கள். காத்திருப்பிலேயே பத்து நிமிடம் போய்விடும், ஒரு பைட் நகர்வதற்கு முன்பே. சர்வரிலேயே ஜிப் செய்து ஒரே ஃபைலாக எடுங்கள், அல்லது எஸ்எஃப்டிபி, ஃபைல்களை மொத்தமாக நகர்த்தும் ஆர்சிங்க் கட்டளை பயன்படுத்துங்கள். நான் பார்க்க மட்டும் எஸ்எம்பி, மொத்தமாக எடுக்க ஆர்சிங்க் என்று பிரித்துக்கொண்டேன்.

ரவுட்டர் பக்கத்தில் ஒட்ட வேண்டிய தாள்

எல்லாம் சரியானதும் ஒரு தாளில் இவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி, வீட்டில் ரவுட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள்: சர்வரின் உள் முகவரி, விபிஎன் முகவரி, ரவுட்டர் பக்கத்தின் முகவரி, கேபிள்காரரின் எண், இணைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண், எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிய வேண்டும். பாஸ்வேர்டு மட்டும் வேண்டாம். அதற்குக் கீழே, எதை முதலில் அணைத்துப் போட வேண்டும் என்ற வரிசை. முதலில் ஃபைபர் பெட்டி, அது பச்சைக்கு வந்ததும் ரவுட்டர், ரவுட்டர் எழுந்ததும் சர்வர்.

போன மாதம் மழையில் கரண்ட் போய் வந்தது. நான் அழைப்பதற்குள் அம்மாவே அழைத்தார். "பான் பச்சை வந்துடுச்சு, அப்புறம் ரவுட்டரைப் போட்டேன், கம்ப்யூட்டர் தானா ஏறிக்கிச்சு. இப்ப பார்" என்றார். பேசிக்கொண்டே போனில் மொபைல் டேட்டாவுக்கு மாறித் திறந்தேன். ஃபோல்டர் பட்டியல் வந்து நின்றது.